ஜார்ஜ் மைக்கேல் தட்டுகள்: காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை விரிக்கிற பழைய சாமான் கடைகளில், புத்தகத்துக்கும் ரேடியோ உதிரிக்கும் நடுவே எப்போதாவது ஒரு கட்டு இசைத்தட்டு தலைகாட்டும். பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர்களின் வீட்டைக் காலி செய்யும்போது பெட்டியோடு வெளியே வருகிற சரக்கு அதில் உண்டு. அந்த மாதிரிக் கட்டில் பிரிட்டனின் 'வாம்' குழு பாடியதோ, அதன் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் பிறகு தனியாகப் பாடியதோ கையில் மாட்டலாம். விற்பவருக்கு எல்லாம் ஒரே இங்கிலீஷ் பாட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொல்வார். தட்டுகள் ஒரே தரத்தில் இல்லை என்பதுதான் விஷயம்.

முதலிலேயே சொல்லிவிடலாம். 1984-இல் வந்த 'மேக் இட் பிக்' எல்பியாக, அதாவது முழு ஆல்பமும் அடங்கிய பெரிய தட்டாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். 1987-இன் 'ஃபெய்த்' தட்டு நன்றாக இருந்தால் எடுக்கலாம், கீறல் இருந்தால் விட்டுவிட்டு சிடியைத் தேடுங்கள். 1990-இன் 'லிசன் வித்அவுட் பிரெஜுடிஸ்' பழைய எல்பி, உறையை மாட்டி வைக்க நன்றாக இருக்கும், கேட்பதற்கு சிடிதான். 1996-இன் 'ஓல்டர்' வேண்டுமென்றால் 2022-இல் இரட்டைத் தட்டாக வந்த மறுவெளியீடு.

இந்த வரிசைக்குக் காரணம் பாட்டின் தரமில்லை. இந்த மனிதர் வளர வளரப் பாட்டு நீண்டது. பாட்டு நீள நீளத் தட்டு தவித்தது.

12 அங்குல எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பாட்டு பதிந்த பள்ளம் விநாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. ஓடும், கடைசிப் பாட்டு முடிகிற உள்பக்கத்தில் அது 21 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அதே பாட்டு பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதப்படுகிறது. உச்ச சுரங்களும் 'ஸ', 'ஷ' ஒலிகளும் முதலில் கரகரக்கும். ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரை என்றால் தட்டில் பள்ளம் வெட்டுகிறவர் தாராளமாக வெட்டலாம். அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்க ஒலியளவைக் குறைக்க வேண்டும். ஒலி குறைந்தால் நாம் ஆம்ப்ளிஃபையரில் ஒலியைக் கூட்டுவோம், கூடவே தூசியின் சடசடப்பும் ஏறும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தட்டுகளைப் பார்க்கலாம்.

'மேக் இட் பிக்' எட்டே பாட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிடத்துக்குள். தட்டுக்கென்றே அளந்து தைத்த சட்டை. அப்போது ஜார்ஜ் மைக்கேலுக்கு வயது 21. லண்டன் கிழக்கு ஃபின்ச்லியில் 1963 ஜூன் 25-இல் பிறந்தவர், இயற்பெயர் யோர்கோஸ் கிரியாகோஸ் பனயோட்டு, அப்பா சைப்ரஸ் கிரேக்கர், உணவகம் நடத்தியவர். புஷி மீட்ஸ் பள்ளியில் கூடப் படித்த ஆண்ட்ரூ ரிட்ஜ்லியோடு 1981-இல் தொடங்கியதுதான் வாம். முதல் ஆல்பமான 'ஃபென்டாஸ்டிக்' 1983-இல் இன்னர்விஷன் என்ற சிறிய நிறுவனத்தின் பெயரில் வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஒப்பந்தச் சண்டையில் அங்கிருந்து வெளியேறி சிபிஎஸ் நிறுவனத்தின் எபிக் பிரிவுக்குப் போனார்கள். அந்த முதல் ஆல்பம் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், தேடி அலையத் தேவையில்லை.

'மேக் இட் பிக்' உறையின் பின்பக்கத்தில் எழுதியவர் பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். எட்டில் ஒன்று ஐஸ்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பழைய பாட்டு. ஒன்றில் மட்டும் ரிட்ஜ்லியின் பெயரும் சேர்ந்திருக்கிறது. மீதி ஆறும் ஜார்ஜ் மைக்கேல் தனியாக. குழு என்று வெளியே சொன்னாலும் உள்ளே கடை ஒருவருடையதாக ஆகிவிட்டது. பதிவின் ஒரு பகுதி தெற்கு பிரான்சின் மிராவல் ஸ்டூடியோவில் நடந்தது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

ரிட்ஜ்லி பெயர் சேர்ந்த அந்த ஒன்றுதான் 'கேர்லெஸ் விஸ்பர்'. கல்யாண ரிசப்ஷனில் சாக்ஸபோன் வைத்திருப்பவர் மைக் சோதிக்க ஊதிப் பார்க்கிற அதே மெட்டு. முதலில் அமெரிக்காவின் மஸில் ஷோல்ஸில் ஜெரி வெக்ஸ்லர் தயாரிப்பில் ஒரு பதிவு செய்து, பிடிக்காமல் ஒதுக்கிவிட்டு, லண்டனில் தானே தயாரித்துப் புதிதாகப் பதிந்தார். பல சாக்ஸபோன்காரர்கள் வந்து போன பிறகு ஸ்டீவ் கிரிகோரி ஊதியது நின்றது. அவருடைய பழைய வாத்தியத்தில் மேல் சுரம் ஒன்றுக்குச் சாவி இல்லை. அதனால் டேப்பின் வேகத்தைக் குறைத்து அரை சுரம் கீழே ஊதவைத்து, பிறகு பழைய வேகத்துக்கே ஓட்டினார்கள். அந்த வாத்தியம் கொஞ்சம் மெலிந்து, அழுத்தமாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆல்பத்தில் இந்தப் பாட்டு இரண்டாம் பக்கத்தின் கடைசியில், அதாவது மோசமான இடத்தில் இருக்கிறது. பக்கம் குட்டையாக இருப்பதால் தப்பிக்கிறது. ஆனால் இதே பாட்டு 12 அங்குல சிங்கிளாகக் கிடைத்தால் அதை எடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, பள்ளம் அகலம், ஒலி கனம். கட்டில் மெல்லிய உறையோடு இருப்பதால் ஆட்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

வாம் 1985 ஏப்ரலில் சீனாவுக்குப் போய்ப் பாடியது. அங்கே போன முதல் மேற்கத்திய பாப் குழு அதுதான். 1986 ஜூன் 28-இல் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் 72,000 பேர் முன்னால் கடைசிக் கச்சேரி. அதையொட்டி வந்த 'தி ஃபைனல்' இரட்டைத் தட்டுத் தொகுப்பு. வாமில் ஒன்று மட்டும் போதும் என்பவருக்கு அது நல்ல பேரம். இரண்டு தட்டும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று போய் ஒன்று இருக்கிற இரட்டை உறை சந்தையில் சகஜம்.

'ஃபெய்த்' வேறு கதை. 1987 அக்டோபர் 30-இல் வந்து, 1989-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கியது. இதிலிருந்து நான்கு பாட்டு அமெரிக்காவில் முதலிடம். எழுத்து, இசையமைப்பு, தயாரிப்பு எல்லாம் அவரே. ஒரு பாட்டில் மட்டும் டேவிட் ஆஸ்டின் கூட்டு. பதிவு லண்டன் சார்ம் வெஸ்டிலும் டென்மார்க்கின் புக் ஸ்டூடியோவிலும், பொறியாளர் கிறிஸ் போர்ட்டர். வாத்தியம் குறைவு, இடைவெளி அதிகம், குரல் காதுக்குப் பக்கத்தில். மூச்சு இழுப்பதுகூடக் கேட்க வேண்டிய வகைப் பதிவு. அதனால்தான் தட்டு கெட்டிருந்தால் இதில் உடனே தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் ஏறத்தாழ 24 நிமிடம். எல்லையைக் கொஞ்சம் தாண்டியது. முதல் பக்கத்தின் கடைசியில் 'ஒன் மோர் ட்ரை', மெதுவாக நகர்கிற ஆறு நிமிடப் பாட்டு, குரல் முன்னால். உள்பள்ளக் கரகரப்புக்கு இதைவிட மோசமான இரை கிடையாது. கூம்பு ஊசி போட்ட மலிவான பெட்டி ப்ளேயரில் 'ஸ' வருகிற ஒவ்வொரு இடத்திலும் எண்ணெயில் கடுகு வெடிக்கும். நீள்வட்ட ஊசி, சரியாக அமைத்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்குகிற தலை), தட்டின் மேல் ஊசி அழுத்தும் எடை 1.5 முதல் 2 கிராம் வரை (கார்ட்ரிட்ஜின் தாளில் உள்ளபடி) இருந்தால் பெருமளவு அடங்கும். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்து ஒரு கிராமுக்குக் கீழே இறக்குகிறவர்கள் உண்டு. ஊசி பள்ளத்தில் ஒட்டாமல் துள்ளி, சுவரை அடித்துச் செதுக்குவது அப்போதுதான்.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்க வசதி இருந்தால் 'ஃபெய்த்' தட்டின் முதல் அரை நிமிடம் போதும். சர்ச் ஆர்கன் ஒன்று மெதுவாகத் தொடங்கும். வாசிப்பது வாமின் பழைய 'ஃப்ரீடம்' மெட்டையே. பழைய குழுவுக்கு ஒரு கடைசிப் பூசை மாதிரி. ஒலி மெலிவாக இருப்பதால் கீறல், தூசி, தேய்மானம் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. கிட்டார் வெட்டத் தொடங்கிய பிறகு எல்லாத் தட்டும் நல்ல தட்டாகவே கேட்கும், அதை நம்பாதீர்கள்.

எந்த அச்சு என்பதும் முக்கியம். லேபிளின் ஓரத்தில் 'மேட் இன் ஹாலண்ட்' என்றிருந்தால் சிபிஎஸ் நிறுவனத்தின் ஹார்லம் ஆலையில் அச்சானது. தட்டை, சத்தமில்லாதவை என்று பெயர் வாங்கியவை. பிரெஞ்சு அச்சும் இங்கே வரும். 1980களில் சிபிஎஸ் இந்தியாவிலும் தட்டு அச்சிட்டது; அவற்றில் மேற்பரப்பு இரைச்சலைக் கூடுதலாக எதிர்பார்த்து விலை பேசுங்கள்.

'லிசன் வித்அவுட் பிரெஜுடிஸ், வால்யூம் 1' கட்டுக்குள் இருந்தாலும் கண்ணில் படாது. முன்னட்டையில் அவர் படம் இல்லை. பிரிட்டிஷ் அச்சில் பெயரும் இல்லை. கருப்பு வெள்ளையில் கடற்கரை நிறைய மனிதத் தலைகள் மட்டும். 1940-இல் நியூயார்க் கோனி ஐலண்டில் வீஜி என்ற புகைப்படக்காரர் எடுத்த படம். ஞாயிறு சாயங்காலம் பீச் ரோட்டைக் கொஞ்சம் மேலேயிருந்து பார்த்த மாதிரி இருக்கும். முகம் விற்று வந்த புகழ் போதும் என்று முடிவெடுத்த ஆண்டு அது. இதில் உள்ள 'ஃப்ரீடம்! 90' (வாமின் 'ஃப்ரீடம்' வேறு பாட்டு) காணொளியிலும் அவர் வரவில்லை, டேவிட் ஃபிஞ்சர் இயக்கத்தில் மாடல் அழகிகள்தான் வாயசைத்தார்கள்.

பாட்டு விஷயத்தில் இவர் செய்ததில் இதுவே உச்சம் என்று வாதிடலாம். தட்டு விஷயத்தில் இதுவே பள்ளம். முதல் பக்கத்தில் ஐந்து பாட்டு, ஏறத்தாழ 27 நிமிடம். பியானோவும் குரலும் மட்டுமே கொண்ட ஸ்டீவி வொண்டர் பாட்டு ஒன்று நடுவில். பக்கம் முடிவது ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற 'கவ்பாய்ஸ் அண்ட் ஏஞ்சல்ஸ்'. மெலிந்த பாட்டை மெலிந்த வெட்டில் நெருக்கி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். எவ்வளவு கழுவினாலும் இதில் ஒரு எல்லைக்கு மேல் வராது, ஏனென்றால் குறை அழுக்கில் இல்லை. இரண்டாம் பக்கம் 21 நிமிடம்தான், நன்றாகவே ஒலிக்கும். முழு ஆல்பமும் வேண்டுமென்றால் 2017-இல் புதுப்பித்து, எம்டிவி அன்ப்ளக்ட் கச்சேரியும் சேர்த்து வந்த சிடி தொகுப்பு நல்ல வழி.

இந்த ஆல்பத்தைச் சரியாக விளம்பரப்படுத்தவில்லை என்ற வருத்தத்தோடுதான் சோனியுடன் மோதல் தொடங்கியது. சிபிஎஸ்ஸை சோனி வாங்கியிருந்தது. 1992-இல் வழக்கு, 1994 ஜூனில் தோல்வி. 'வால்யூம் 1' என்று போட்டுவிட்டு 'வால்யூம் 2' வராமலே போனது. அடுத்த முழு ஆல்பத்துக்கு ஆறு வருஷம். நடுவில் 1992 ஏப்ரல் 20-இல் வெம்ப்ளியில், குவீன் குழுவின் மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கான அஞ்சலிக் கச்சேரியில் அந்தக் குழுவோடு பாடியதை 1993-இன் 'ஃபைவ் லைவ்' என்ற இபியில் (சில பாட்டு மட்டுமே உள்ள வெளியீடு) கேட்கலாம். மேடையில் அவர் குரல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கிடைத்தால் விடாதீர்கள்.

'ஓல்டர்' 1996 மே மாதம், வர்ஜின் வெளியீடு. பிரேசில் இசைமேதை ஜோபிமுக்குக் காணிக்கை. முதல் பாட்டு, 1993-இல் இறந்த தன் பிரேசில் காதலர் அன்செல்மோ ஃபெலெப்பாவின் நினைவில் எழுதியது. தட்டுக்கு மவுசு போய் சிடி கொடிகட்டிய காலம், எனவே அந்த ஆண்டின் எல்பி அபூர்வம், விலை யானை விலை. ஆல்பம் ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது. அதை இரண்டு தட்டாகப் பிரித்த 2022 மறுவெளியீட்டில்தான் பள்ளத்துக்கு மூச்சு கிடைத்திருக்கிறது. பிறகு வந்த 'பேஷன்ஸ்' (2004), கச்சேரிப் பதிவான 'சிம்ஃபோனிகா' (2014) இரண்டையும் சிடியில் கேட்டால் எதையும் இழக்க மாட்டீர்கள். 2016 கிறிஸ்துமஸ் அன்று, 53 வயதில் அவர் இறந்தார்.

கேசட்டை மட்டமாக நினைக்க வேண்டாம். டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. என்று தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் ஓடுகிறது. உள்பள்ளப் பிரச்சினை அதற்குக் கிடையாது. 'ஒன் மோர் ட்ரை' கேசட்டில் இரைச்சலோடு வரும், ஆனால் கரகரக்காது. பார்க்க வேண்டியது மூன்று. முன்வாயில் சின்ன வெண்கலத் தகட்டில் ஒட்டிய பஞ்சுத் துண்டு இருக்கிறதா? அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். டேப் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடி தெரிகிறதா? தெரிந்தால் பூஞ்சை, ப்ளேயரில் போடாதீர்கள், ஹெட் வழியாக மற்ற கேசட்டுக்கும் தொற்றும். மூலையில் திருகு இருக்கிறதா? ஐந்து திருகு உள்ள கூடு என்றால் கழற்றிச் சுருளை வேறு கூட்டுக்கு மாற்றலாம், ஒட்டிய கூடு என்றால் கத்தி வைத்துப் பிளக்க வேண்டும். வாங்கி வந்ததும் அறுமுனைப் பென்சிலைக் கேசட்டின் பல் வைத்த துளையில் நுழைத்து முழுக்க ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த டேப் மெஷினில் போட்டதும் சிக்கி அறுவது இதனால் குறையும்.

சந்தைக்குக் காலையிலேயே போங்கள். கூட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மதிய வெயிலில் தார்ச்சாலை ஓரம் படுத்த தட்டு அப்பளமாக வளையும். நீங்கள் வாங்கும்போது நேராக இருந்தது வீட்டுக்குப் போவதற்குள் பையில் வளையவும் செய்யும். "அண்ணே, உறையைக் கழட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, ஓரத்தையும் லேபிளையும் மட்டும் தொட்டு வெளியே எடுங்கள். கண் மட்டத்தில் பிடித்து, ஓரத்தோடு பார்வை போக மெதுவாகச் சுற்றினால் வளைவு தெரியும். சூரிய ஒளி சாய்வாக விழும்படி திருப்பினால் கீறல் தெரியும். பள்ளத்தோடு போகிற கீறலைவிடக் குறுக்கே போகிற கீறல் கண்ணுக்கு மோசமாகத் தெரியும், ஆனால் காதுக்குக் குறைவு: சுற்றுக்கு ஒரு டிக். பள்ளத்தோடு ஓடுகிற கீறலில்தான் ஊசி மாட்டிக்கொண்டு ஒரே வரியைப் பாடும். நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் வேண்டாம். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த தட்டு, கழுவிப் பயனில்லை.

கழுவுவதற்கு மூன்று பங்கு டிஸ்டில்ட் வாட்டர், ஒரு பங்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால், ஒரு லிட்டருக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். முதலாவது பேட்டரிக் கடையில், இரண்டாவது மொபைல் பழுது பார்க்கும் கடைக்காரர்கள் பயன்படுத்துவது, அவர்களிடம் கேட்டால் கிடைக்கும் இடம் சொல்வார்கள். சானிடைசர் ஊற்றாதீர்கள், அதில் உள்ள கிளிசரின் பள்ளத்தில் பிசினாகத் தங்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், உப்பு படியும். லேபிள் நனையாமல் பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான தூரிகையால் சுற்றித் தேய்த்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். அதே கட்டில் பழைய 78 சுற்றுத் தட்டுகளும் இருந்தால் அவற்றுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது. அவை அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரையும்.

ப்ளேயரின் வேகத்தைச் சோதிக்க ஆப் தேவையில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, சுற்றுகளை எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 வர வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் 97, 98 என்று வரும். ஜார்ஜ் மைக்கேல் ஜலதோஷம் பிடித்தவர் போலப் பாடுவார். பெல்ட்டை மாற்றினால் தீரும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலோர வீட்டில் தட்டுக்கு எதிரி பூஞ்சை. பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலிதீன் உள்ளுறை போடுங்கள், வெளியுறைக்கு கெட்டி பிவிசி வேண்டாம், அது வருஷக்கணக்கில் தட்டின் மேல் மங்கலாகப் படியும். நிமிர்த்தி அடுக்க வேண்டும், வெளிச்சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. அட்டையில் உப்புக் காற்று வாடை இருந்தால் தனியாக இரண்டு நாள் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்துவிட்டு மற்றதோடு சேருங்கள்.

கடைசியாக, வாமின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' 7 அங்குல சிங்கிள். 1984 ஆகஸ்டில் ஸ்டூடியோவில் எல்லா வாத்தியத்தையும் ஜார்ஜ் மைக்கேலே வாசித்துப் பதிந்தது. லின் டிரம் என்ற தாள இயந்திரம், ஜூனோ-60 சிந்தசைஸர், மணிச்சத்தம், அவ்வளவுதான். அந்த டிசம்பரில் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பலர் சேர்ந்து பாடிய பாட்டு முதலிடத்தை எடுத்துக்கொள்ள, இது இரண்டாமிடத்தில் நின்றது. அந்த முதலிடப் பாட்டிலும் இவர் குரல் உண்டு. இந்தத் தட்டின் வருமானமும் அதே நிவாரணத்துக்கே போனது. பிரிட்டனில் இது முதலிடம் தொட்டது 2021 ஜனவரியில், 36 வருஷம் கழித்து. இந்தச் சிங்கிளை வாங்குமுன் நடுத்துளையைப் பாருங்கள். பிரெஞ்சு அச்சில் வந்த 45 சுற்றுச் சிங்கிள்கள் பலவற்றுக்குத் துளை பெரியது, 38 மி.மீ. அடாப்டர் வட்டு இல்லாமல் வைத்தால் தட்டு நடுவில் உட்காராமல் ஒதுங்கி ஓடும், பாட்டு ஏறி இறங்கி ஆடும். தட்டு விற்பவரிடமே அந்த வட்டு ஒன்று கிடக்கிறதா என்று கேட்டு, பேரத்தோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.